வழக்குரைக்குப் பிறகுதான் குளிர்த்தி

சில வருடங்களுக்கு முன்னர் எமது நிலையத்தினால் சிறு கைநூல் ஒன்றை வெளியிடத் தீர்மானித்தோம். போரினால் பாதிக்கப்பட்ட பெண்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுப்பதே அதன் நோக்கம். மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமங்களில் மாதர் சங்கங்களுடன் வேலை செய்யும் வெளிக்கள உத்தியோகத்தர் என்ற வகையில் ஆறு கதைகளை எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது.

அவற்றில் ஒன்று அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவின் கதை. 1990ஆம் ஆண்டு அவரது கணவர் கொண்டு செல்லப்பட்டார். அதன் பின் எந்தத் தகவலும் இல்லை. அந்த அம்மாவின் வேண்டுகோளுக்கிணங்க அவரது பெயரையும் ஊரையும் இங்கு தவிர்த்துள்ளேன்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னர் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது எமது நிலையத்தின் ஒழுங்கு. அவர் திண்ணையிலிருந்து பாய் இழைத்துக் கொண்டிருந்தார். நான் பக்கத்தில் அமர்ந்து வாசித்தேன். "விதியின் கொடூர விளையாட்டினால் அந்த அழகிய குடும்பம் சின்னாபின்னமானது. துன்பியல் சம்பவம் ஒன்றில் கணவரை இழந்த இவர் இன்று சோகமே உருவாக வாழ்கிறார்" என்ற விதமாக அது போகும். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவரும் அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் அழவில்லை. இழைத்துக் கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எல்லாம் வடிவா எழுதியிருக்கிறாய் மகள். ஆனா இதில ஒருத்தரும் ஒண்டும் செய்யல்லையே. காத்தடிச்சி மரம் விழுந்த மாதிரியெல்லோ எழுதிக் கிடக்கு" என்றார்.

நான் பதில் சொல்லத் தெரியாமல் இருந்தேன். சற்று நேரம் கழித்து, "இன்னொண்டு. இழந்தவ எண்டு எழுதியிருக்கிறாய். நான் இன்னும் இழக்கல்ல" என்றார்.

நான் பல்கலைக்கழகம் வரை படித்தவள். அவரோ மூன்றாம் வகுப்புடன் நிறுத்தியவர். ஆயினும் என் எழுத்தில் இருந்த இரண்டு பெரும் பிழைகளை இரண்டே வாக்கியத்தில் எடுத்துக் காட்டிவிட்டார். மண்முனைப் பாலத்தால் திரும்பி வரும்போது அந்த வார்த்தைகள்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தன. அவலம் என்றால் என்ன? துன்பியல் என்றால் என்ன? தினமும் எழுதுகின்ற இந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று அன்றுதான் உண்மையாக யோசிக்கத் தொடங்கினேன்.

அனர்த்தமும் அவலமும்

எமது நாட்டுத் தமிழில் "அனர்த்தம்" என்றொரு சொல் மிகவும் புழக்கத்தில் உள்ளது. வெள்ளம் வந்தால் அனர்த்தம், மண் சரிந்தால் அனர்த்தம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்து எமது கரையோரக் கிராமங்களை அள்ளிச் சென்ற பின்னர் அச்சொல் எங்கள் வாயிலும் படிவங்களிலும் நிலைத்துவிட்டது. "யுத்த அனர்த்தத்தினாலும் சுனாமி அனர்த்தத்தினாலும் பாதிக்கப்பட்டோர்" என்று ஒரே வரியில் எழுதப் பழகிவிட்டோம். நிவாரணம் கொடுப்பதற்கு அது வசதியானது. கடலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் அரிசியும் கூரைத் தகடும் ஒரேயளவில்தான் தேவைப்படுகின்றன.

ஆனால் பொருளில் இரண்டும் ஒன்றல்ல. கடலிடம் போய் "ஏன் செய்தாய்?" என்று எவரும் கேட்க முடியாது. போரில் அப்படியில்லை. ஒருவர் கட்டளையிடுகிறார். ஒருவர் பெயர்ப்பட்டியல் வாசிக்கிறார். ஒருவர் வாகனம் ஓட்டுகிறார். ஒருவர் காட்டிக் கொடுக்கிறார், இன்னொருவர் கண்டும் காணாததுபோல் கதவைச் சாத்துகிறார். எல்லாம் மனிதரின் செயல்கள். அவற்றை "அனர்த்தம்", "சம்பவம்", "விதி" என்று எழுதும்போது செய்தவர்கள் வாக்கியத்திலிருந்து மறைந்து போகிறார்கள். துன்பப்பட்டவள் மட்டும் மிஞ்சுகிறாள். பத்திரிகைகளில் "சோகம்" என்ற சொல்லும் அப்படித்தான். வீதி விபத்துக்கும் சோகம், கிரிக்கெட்டில் தோற்றாலும் சோகம். கேள்வி கேட்காமல் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்ட உதவும் சொல்லாக அது தேய்ந்துவிட்டது.

நான் வாசித்த துன்பியல்

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நான் முதலாம் வருடத்தில் நாடகமும் அரங்கியலும் என்ற பாடத்தையும் எடுத்திருந்தேன். துன்பியல் நாடகம் என்ற வடிவம் பண்டைய கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரில் வளர்ந்தது என்றும், அதன் கிரேக்கப் பெயருக்கு "ஆட்டுப் பாடல்" என்பது நேர்ப்பொருள் என்றும், அதைப் பற்றி அரிஸ்டோட்டில் கவிதையியல் என்ற நூலை எழுதினார் என்றும் குறிப்பெடுத்தோம். பார்ப்போரிடம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவ்வுணர்ச்சிகளுக்கு வடிகால் அமைப்பது துன்பியல். பரீட்சைக்கு இதை எழுதிப் புள்ளியும் பெற்றேன்.

நாங்கள் அப்படிக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்த அதே வந்தாறுமூலை வளாகம் 1990இல் அகதி முகாமாக இருந்தது. அந்த ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கு தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. என் கதையில் வரும் அம்மாவின் கணவர் வேறோர் இடத்தில் பிடிபட்டவர். ஆயினும் ஆண்டு அதேதான். இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்கு முந்திய அவலத்தைக் காலடியில் இருந்த அவலத்தோடு சேர்த்து யோசிக்கும் முதிர்ச்சி எனக்கு அப்போது இருக்கவில்லை.

அம்மாவின் வார்த்தைகளைக் கேட்ட பின்னர் பழைய குறிப்புக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பரீட்சைக்காக மனனம் செய்து பின் மறந்துபோன ஒரு குறிப்பு அதில் இருந்தது. துன்பியல் என்பது செயலைக் காட்டுவது என்கிறார் அரிஸ்டோட்டில். பாத்திரத்தையோ அழகான வசனத்தையோ விட, செயல்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக விளைகின்ற கதைப்பின்னலே அதன் உயிர் என்பது அவர் கருத்து. யார் என்ன செய்தார், அதிலிருந்து என்ன விளைந்தது, உண்மையை யார் எப்போது உணர்ந்தார் என்பவை இல்லாவிட்டால் எவ்வளவு கண்ணீர் இருந்தாலும் அது துன்பியல் ஆகாது. "ஒருத்தரும் ஒண்டும் செய்யல்லையே" என்று அம்மா சொன்னதும் இதைத்தான்.

கிரேக்க நாடகங்களில் எமது பெண்களுக்கு மிக நெருக்கமாக எனக்குத் தோன்றுவது யூரிப்பிடிஸ் எழுதிய "ட்ரோஜன் பெண்கள்". கி.மு. 415இல் ஏதென்சில் மேடையேறியது. ட்ரோய் நகரம் வீழ்ந்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். எஞ்சிய பெண்கள் எந்த வெற்றி வீரனுக்கு அடிமையாகப் பிரித்துக் கொடுக்கப்படப் போகிறோம் என்று தெரியாமல் கடற்கரை முகாமில் காத்திருக்கிறார்கள். நேற்றுவரை அரசியாக இருந்த எக்குபா மண்ணில் கிடக்கிறாள். அவளுடைய மருமகளின் சின்ன மகனும் வளர்ந்து பழிவாங்குவான் என்ற பயத்தில் மதிலிலிருந்து எறிந்து கொல்லப்படுகிறான். அந்தப் பாட்டியே பேரனின் உடலை அடக்கத்துக்கு ஆயத்தம் செய்கிறாள். முகாம் வாழ்க்கையை அறிந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. அதற்கு முந்திய வருடம்தான் ஏதென்ஸ் படைகள் மெலோஸ் என்ற தீவைக் கைப்பற்றி, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கியிருந்தன. அந்த வெற்றியைச் செய்த நகரத்து மக்கள் முன்னிலையில், தோற்றுப்போன எதிரியின் பெண்கள் அழுவதை ஒரு நாடகாசிரியர் காட்டினார். அந்த நாடகங்களுக்கு அவ்வருடப் போட்டியில் இரண்டாம் இடம் கிடைத்தது. ட்ரோய் பற்றிய பழங்கதையில் தங்கள் கை செய்ததை அவர்கள் கண்டார்களா இல்லையா என்பது அவரவர் மனச்சாட்சிக்கே வெளிச்சம்.

அழுகைக்கு நான்கு வேர்

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதைகள், எங்களிடம் என்ன இருக்கிறது என்று சகோதரிகள் கேட்கலாம். மெய்யில் தோன்றும் உணர்ச்சிகளைத் தொல்காப்பியம் எட்டாக வகுக்கிறது. நகை முதலாவது, அழுகை இரண்டாவது. பெருமிதத்தையும் உவகையையும் வைத்த அதே வரிசையில் அழுகையையும் அது வைத்திருக்கிறது. அழுகை ஒரு பலவீனம் என்றோ மறைக்க வேண்டியது என்றோ அது கருதவில்லை.

அதைவிட முக்கியமானது, அழுகை எதனால் வருகிறது என்று அது எண்ணிச் சொல்வது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கு. இழவு என்ற சொல்லை நாம் இன்று செத்த வீட்டுக்கும் ஏச்சுக்கும் மட்டுமே பயன்படுத்துகிறோம். அதன் உண்மைப் பொருள் இழத்தல். உயிரையும் உறவையும் உடைமையையும் இழப்பது எல்லாம் இழவுதான். இளிவு என்பது பிறரால் இகழப்பட்டுச் சிறுமைப்படுவது. அசைவு என்பது முன்பிருந்த நல்ல நிலை கெட்டுத் தளர்ந்து வேறொரு நிலைக்கு வருவது. வறுமை எல்லோருக்கும் தெரிந்தது.

எமது படிவங்களில் இந்த நான்கில் இரண்டுக்குத்தான் இடம் உண்டு. இறந்தோர் தொகைக்கு ஒரு கூடு, மாத வருமானத்துக்கு ஒரு கூடு. இளிவுக்கும் அசைவுக்கும் கூடு இல்லை. ஆனால் வீடு வீடாகப் போய்க் கேட்டால் பெண்கள் அதிகம் அழுவது அவற்றுக்காகத்தான் என்பது எனது அனுபவம்.

அந்த அம்மா இன்றும் பொட்டு வைக்கிறார், தாலி அணிகிறார். "புருசன் போய் முப்பது வருசம், இவவுக்கு என்ன பொட்டு" என்று பின்னால் கதைப்பார்கள். அதேவேளை கல்யாண வீட்டில் ஆராத்தி எடுக்க அவரைக் கூப்பிட மாட்டார்கள். பொட்டு வைத்தாலும் குற்றம், வைக்காவிட்டால் விதவை. இது இளிவு. இன்னொரு பெண்ணுக்குப் போருக்கு முன்னர் வயலும் மாட்டுப் பட்டியும் இருந்தன. வெட்டுக் காலத்தில் பத்துப் பேருக்குச் சோறு போட்டவர். இன்று மற்றவர்களின் வயலில் கூலிக்குக் களை பிடுங்குகிறார். கூலி கிடைக்கிறது, பசியில்லை. "சோறு போட்ட கையால கூலி வாங்கக்குள்ளதான் அழுகை வருகுது" என்று என்னிடம் சொன்னார். இது அசைவு. அரண்மனையிலிருந்து மண்ணுக்கு வந்த எக்குபாவின் கண்ணீரும் இந்த வகையில் சேர்ந்ததுதான்.

தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் மேலும் ஒரு நுட்பத்தைச் சொல்கிறார். அழுகை இருவகைப்படும். ஒருவர் தன் துன்பத்துக்காக அழுவது ஒன்று, மற்றவரின் துன்பத்தைக் கண்டு அழுவது ஒன்று. அவலம், கருணை என இரண்டு பெயராகச் சொல்லப்படுபவையும் அழுகை என்ற ஒன்றிலேயே அடங்கும்.

இதை ஒருமுறை நேரில் கண்டேன். தமிழ், முஸ்லிம் பெண்கள் சேர்ந்திருந்த ஒரு கூட்டத்தில் காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு சகோதரி பேசினார். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி அங்குள்ள இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். தமிழரின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள் செய்த செயல் அது. அந்தச் சகோதரியின் உறவினரும் அவர்களில் ஒருவர். அவர் பேசி முடிக்கும் வரை எங்கள் பக்கத்துப் பெண்கள் தலை குனிந்திருந்தார்கள். பின்பு மேற்சொன்ன அம்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துக் கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். "எங்களுக்கும் அதே வருசந்தான் புள்ள" என்று மட்டும் அம்மா சொன்னார். எங்கள் பக்கத்துக் கை செய்ததையும் வாக்கியத்தில் வைத்தே எழுத வேண்டும் என்பதால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

கண்ணகி கேட்ட கேள்வி

கிழக்கில் பிறந்த எங்களுக்கு அவலம் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவள் கண்ணகைதான். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று எத்தனையோ ஊர்களில் அவளுக்குக் கோயில் உண்டு. வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை பாடி, இறுதியில் குளிர்த்தி நடைபெறும். வேப்பிலையும் நீருமாக அம்மனின் சினத்தைத் தணித்து, ஊரும் வயலும் குளிர வேண்டும் என்று வேண்டுவார்கள். சிறுவயதில் அம்மம்மாவின் மடியில் தூங்கித் தூங்கி விழித்துக் கேட்ட பாட்டு அது.

சிலப்பதிகாரக் கதையை வரிசையாக நினைத்துப் பாருங்கள். கணவன் கொலையுண்ட செய்தி வருகிறது. கண்ணகி விழுந்து அழுகிறாள். அழுதபின் எழுகிறாள். ஒற்றைச் சிலம்புடன் அரண்மனை வாசலுக்குப் போகிறாள். தன் பெயர், ஊர், கணவனின் பெயர் எல்லாவற்றையும் சபையில் சொல்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன்னுடையதில் இருப்பது மாணிக்கம் என்று உடைத்துக் காட்டி நிரூபிக்கிறாள். ஆராயாமல் தீர்ப்பளித்த பிழையை உணர்ந்த பாண்டியன் அந்த இடத்திலேயே உயிர் விடுகிறான். ஊழ்வினையைச் சொல்லத் தொடங்கிய காப்பியம்தான் இது. ஆனாலும் அதற்குள் இருக்கும் கண்ணகி விதி என்று பேசாமல் வீட்டில் இருந்துவிடவில்லை. பொய் சொன்ன பொற்கொல்லனும் அவசரப்பட்ட அரசனும் அதில் தெளிவாக இருக்கிறார்கள்.

அவள் கோபம் மதுரையை எரித்தது. பசுக்களையும் பத்தினிப் பெண்களையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி நெருப்புக்குச் சொன்னாள் என்று காப்பியம் கூறுகிறது. எங்கள் அனுபவத்தில் எந்த நெருப்பும் அப்படி ஆள் பார்த்து எரித்ததில்லை. ஆகையால் எரிப்பதை நான் நியாயம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் முன்னோரும் எரிப்புடன் நிறுத்தவில்லை. குளிர்த்தி என்ற ஒன்றை வைத்தார்கள். கோபம் ஆறத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஊர் வாழாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் எதற்குப் பிறகு குளிர்த்தி? வழக்குரை முழுவதையும் ஊர்கூடிக் கேட்ட பிறகுதான். என்ன நடந்தது, யார் செய்தார், யார் பொய் சொன்னார் என்று சபையில் பாடி முடிக்காமல் எவரும் நேரே குளிர்த்திக்குப் போவதில்லை.

சமூகப் பணியாளர்களாகிய நாங்கள் பல தடவை இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி விடுகிறோம். முதற் சந்திப்பிலேயே "மறந்திடுங்கோ அக்கா, பிள்ளைகளைப் பாருங்கோ, நல்லதை நினையுங்கோ" என்று குளிர்த்தியில் தொடங்குகிறோம். உளவளத்துணைப் பயிற்சியில் மூச்சுப் பயிற்சி கற்றுக் கொடுக்கிறோம். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் தன் வழக்கை ஒருமுறையாவது முழுவதுமாகச் சொல்ல நாம் இருந்து கேட்டோமா என்பதே எனக்குள்ள கேள்வி.

ஒப்பாரி இல்லாத துயரம்

அம்மாவின் இரண்டாவது வார்த்தைக்கு வருகிறேன். "நான் இன்னும் இழக்கல்ல."

எங்கள் ஊர்களில் செத்த வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சேர்வார்கள். இறந்தவரின் குணமும் அவர் செய்த நன்மையும் இனி இந்தப் பெண் படப்போகும் கஷ்டமும் ஊர் கேட்கச் சொல்லப்படும். எட்டுச் செலவு, முப்பத்தொன்று என்று நாட்கள் குறிக்கப்பட்டு மெல்ல மெல்லத் துயரத்துக்கு ஒரு கரை கட்டப்படும். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு இது ஒன்றும் இல்லை. உடல் இல்லை, நாள் இல்லை, ஒப்பாரியும் இல்லை. ஒப்பாரி வைத்தால் அவர் செத்துவிட்டார் என்று தானே தீர்ப்பளித்ததாகிவிடும் என்று மனைவி பயப்படுகிறாள்.

அமெரிக்க ஆய்வாளரான போலின் பொஸ் இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்தார். வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த அவர், இதைத் தெளிவற்ற இழப்பு என்ற பொருளில் அழைத்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பில் துக்கம் உறைந்து நின்றுவிடும், அது அந்தப் பெண்ணின் மனக்கோளாறு அல்ல, நிலைமையின் இயல்பு என்பது அவர் விளக்கம். எமது நாட்டிலும் மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்களுக்கு, ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்க 2016ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடமளித்தது. அதே ஆண்டில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் வந்தது. மொழியைப் பொறுத்தவரை இது சிறிய விடயமன்று. "இறந்தார்" என்று எழுதாமல் இருக்கும் உரிமை ஒரு மனைவிக்கு முதன்முதலாகக் காகிதத்தில் கிடைத்தது. ஆனால் அவர் எங்கே என்ற கேள்விக்குச் சான்றிதழ் பதில் ஆகாது.

திருத்தி எழுதிய பக்கம்

அடுத்த மாதம் மறுபடியும் அந்தத் திண்ணைக்குப் போனேன். கொப்பியும் பேனையும் மட்டும் கொண்டு போனேன். "நீங்க சொல்லுங்க அம்மா, நான் இடையில கதைக்க மாட்டன்" என்றேன்.

அவர் இரண்டு பின்னேரங்கள் சொன்னார். அன்று என்ன கிழமை, அடுப்பில் என்ன இருந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எந்த நிறச் சீருடை, முகத்தை மூடியிருந்தவர் யாரைப் பார்த்துத் தலையாட்டினார், வாகனம் எந்தப் பக்கம் திரும்பியது, அவர் கடைசியாகக் கேட்டது ஒரு மிடறு தண்ணீர் என்பது எல்லாம் சொன்னார். பின்னர் தான் செய்தவற்றைச் சொன்னார். எந்தெந்த முகாம் வாசலில் நின்றார், எந்த அதிகாரி என்ன பதில் தந்தார், எத்தனை ஆணைக்குழுக்கள் முன் சாட்சி சொன்னார், இரண்டு பிள்ளைகளையும் பாய் இழைத்து எப்படிப் படிக்க வைத்தார் என்பதெல்லாம் வந்தன. என் பழைய கதையில் அவர் "சோகமே உருவாக" உட்கார்ந்திருந்தார். அவர் சொன்ன கதையில் முப்பது வருடங்களாக நடந்து கொண்டிருந்தார்.

அவற்றை அப்படியே எழுதினேன். "விதி" என்ற சொல்லை எடுத்தேன். "இழந்தவர்" என்பதை "கொண்டு செல்லப்பட்டவரின் மனைவி" என்று மாற்றினேன். அவருடைய பாதுகாப்புக் கருதிச் சில பெயர்களைக் கைநூலில் அச்சிடவில்லை. ஆனால் அவரிடமுள்ள பிரதியில் எல்லாப் பெயர்களும் இருக்கின்றன. மறுபடி வாசித்துக் காட்டியபோது நடுவில் ஓரிடத்தில் அவர் அழுதார். நான் நிறுத்தினேன். "நிப்பாட்டாத, வாசி மகள். இது என்ட கதைதான்" என்றார்.

இதனால் அவர் கணவர் வந்துவிடவில்லை. எந்த அலுவலகமும் பதில் தந்துவிடவில்லை. அவருக்கு இன்னும் குளிர்த்தி வரவில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் வழக்கு எழுதப்பட்டிருக்கிறது.

அன்பான சகோதரிகளே, இதை வாசிக்கும் உங்களிடமும் ஒரு கதை இருக்கும். சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம், எவரும் வற்புறுத்தக் கூடாது. சொல்லத் தோன்றினால் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதும்போது திகதியைப் போடுங்கள், இடத்தைப் போடுங்கள், யார் என்ன செய்தார் என்பதைப் போடுங்கள். அதைவிட முக்கியமாக, அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தப் பகுதியைத்தான் என்னைப் போன்றவர்கள் எழுத மறந்து போகிறோம்.

அம்மா தன் பிரதியைத் தகரப் பெட்டிக்குள், கணவரின் அடையாள அட்டைப் பிரதியோடு வைத்திருக்கிறார். "அவர் வந்தா வாசிக்கக் குடுப்பன். வராட்டி பேரப்பிள்ளைகள் வாசிக்கும்" என்று சொன்னார்.